வலக்கை வேல்

கடத்தூர் அருச்சுனேசுவரர் கோயிலில் பிரதோஷ வேளை. நந்திதேவருக்குப் பாலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. ஆனி மாதத்துக் காற்று அமராவதி மணலை வாரி வந்து வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. என் மகள் வயிற்றுப் பேரன் வழக்கத்துக்கு மாறாக முழுக்கைச் சட்டை அணிந்து, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு என் அருகில் நின்றான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பிள்ளை அவன். கம்பெனியில் கழித்துவிடும் அரைக்கை டி-ஷர்ட்டுகளைத் தவிர வேறோர் உடுப்பை அவன் மேனியில் நான் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தீபாராதனையை ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டியபோது சட்டைக்கை சற்றே மேலேறியது. வலது முன்கையில் வெள்ளைத் துணிக்கட்டு தெரிந்தது.

"என்ன கண்ணு இது?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிச்சி. சுடுதண்ணி பட்டிருச்சு" என்றான்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவள் நான். பொய் சொல்லும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாதா? பிரகாரம் சுற்றி வந்து, ஸ்தல விருட்சமாகிய மருத மரத்தடியில் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டேன். அழுதுவிட்டான்.

அந்தக் கையில் இருந்தது வேல். மூன்று ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய் வந்த மறுவாரம், திருப்பூரில் ஒரு கடையில் பச்சை குத்திக்கொண்டான். பச்சை என்றால் எங்கள் காலத்துப் பச்சையன்று. மணிக்கட்டு முதல் முழங்கை வரை நெடிய கருநிற வேல், அதைத் தழுவிய மயிற்பீலி பச்சையிலும் நீலத்திலும், வேலின் இலைமுகத்தில் ஒளி படுவதுபோல் வெள்ளைக் கீற்று, கீழே சிவப்பில் ஆறெழுத்து மந்திரம். அதை முதன்முதலாக என்னிடம் காட்டிய நாளில் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. அவனைக் கண்டிக்கவில்லை, மெச்சினேன். அதற்குக் காரணமும் உண்டு. என் இடக்கையின் உட்புறத்தில் ஒரு சிறு வேலும் அதைச் சுற்றி ஐந்து புள்ளிகளும் உண்டு. எனக்கு ஒன்பது வயதில் குத்தியது. சிறுவனாயிருந்தபோது என் மடியில் படுத்துக்கொண்டு அந்த வேலை விரலால் வரைந்தபடியே உறங்கிப் போவான். "சாமிக்குச் செய்வதை வலக்கையால் செய்ய வேண்டும்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். ஆகவே வலக்கையில் குத்திக்கொண்டான்.

அந்த வலக்கையே அவனுக்கு வினையாயிற்று.

என் மருமகன் காலமானபின் மகள் ஓவர்லாக் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்தால்தான் மறுவாரத்து அரிசி. அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மத்தியக் காவற்படையில் உத்தியோகம் கிடைப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வில் தேறினான். 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது விதி, அதிலும் தேறினான். மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அங்கே நின்றுபோயிற்று.

தெய்வ உருவத்தைப் பச்சை குத்தியது குற்றமன்று. சமயச் சின்னங்களையும் பெயர்களையும் அந்த விதிகள் ஏற்கின்றன. ஆனால் இடம் முக்கியம். சல்யூட் வைக்காத கையாகிய இடக்கையின் முன்கை உட்புறத்தில் இருக்கலாம்; அல்லது புறங்கையில் இருக்கலாம். அளவும் அந்த உறுப்பின் நாலில் ஒரு பங்குக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். என் பேரனின் வேல் வலக்கையில் இருந்தது; முன்கை முழுவதையும் நிறைத்திருந்தது. இந்த வேலைக்கு வயது வரம்பு 23. பிற்படுத்தப்பட்டோருக்குரிய மூன்றாண்டுச் சலுகையைச் சேர்த்தால் 26. அப்போது அவனுக்கு 22. காலம் இருக்கிறது, கை மட்டும் சுத்தமாக வேண்டும் என்று எண்ணியவன், எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், திருப்பூரில் ஏதோ ஓர் அழகு நிலையத்துக்குப் போயிருக்கிறான். ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்று சொன்னார்களாம். அங்கே இருந்தது தேவையற்ற முடியை நீக்கும் ஒளிக்கருவி. பச்சையை எடுப்பதற்கான லேசர் அன்று. கை வெந்துபோயிற்று. சுடுதண்ணீர் என்று அவன் சொன்ன பொய்யில் பாதி உண்மையும் இருந்தது.

மருத மரத்தடியில் என் உள்ளத்தை உறுத்தியது வேறொரு கேள்வி. புண் ஆறிவிடும். ஆனால் முருகப் பெருமானின் வேலையும் மந்திரத்தையும் நெருப்பாலோ ஒளியாலோ பொசுக்குவது அடுக்குமா? உத்தியோகத்துக்காகத் தெய்வத்தைத் தோலிலிருந்து உரித்தெறிவதா? இந்தப் பத்திரிகையை வாசிக்கும் என் வயதொத்தவர்களுக்கு இந்தக் கலக்கம் புரியும். இளையவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் காலை குருக்களிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அபிஷேகப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "உங்கள் வீட்டில் விரதத்துக்கு மஞ்சளில் பிள்ளையார் பிடிப்பீர்கள் அல்லவா? பூஜை முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். "வடக்கே சற்று நகர்த்தி வைத்துவிட்டு, பிறகு தண்ணீரில் கரைப்போம்" என்றேன். "அது பாவமா?" என்றார். பிறகு பாலாலயத்தை நினைவூட்டினார். திருப்பணிக்கு முன் மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றுவதைக் கலாகர்ஷணம் என்பார்கள். அதன் பின்னரே சிற்பியின் உளி அந்தத் திருமேனியருகே போகலாம். "ஆவாகனம் செய்த மூர்த்திக்கே இப்படி ஒரு வழி இருக்கிறது. கடைக்காரன் ஊசியால் வரைந்ததற்கு யார் பிரதிஷ்டை செய்தார்கள்? இதற்கென்று தனியாக ஒரு விதியும் கிடையாது அம்மா. மனம் கேட்கவில்லை என்றால் நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போகச் சொல்லுங்கள்" என்றார்.

முற்றிலும் சமாதானமாயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால் ஒரு படி முன்னே வைக்க அது போதுமாயிருந்தது.

வெந்த கை ஆற மூன்று மாதங்கள் ஆயின. பிறகு உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குப் பேருந்து ஏறினோம். தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்ற ஓர் அம்மையார். முதல் நாள் அவர் கருவியைத் தொடவே இல்லை. அரை மணி நேரம் கேள்விகள். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்ததுண்டா? சர்க்கரை நோய் உண்டா? வேறு மாத்திரைகள் உண்டா? புகைபிடிக்கும் வழக்கம் உண்டா? கடைசிக் கேள்விக்கு என் பேரன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். புகைபிடிப்பவர்களுக்குப் பச்சை மறைவது தாமதமாகிறது என்று இத்தாலியில் செய்த ஆய்வொன்றை அம்மையார் எடுத்துச் சொன்னார். அன்றோடு விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறான், நம்புகிறேன்.

என் பேரன் திருப்பூர்க்காரன் புத்தியோடு ஒரு கேள்வி கேட்டான். "சாயப்பட்டறையில துணியை வெளுக்கிற மாதிரி இதையும் வெளுத்துட முடியாதுங்களா டாக்டர்?"

அந்தக் கேள்வியால்தான் எனக்கும் விஷயம் விளங்கிற்று. துணியில் சாயத்தை மருந்து நிறமிழக்கச் செய்கிறது. தோலில் அப்படியன்று. ஊசி வழியாக இறங்கிய மை, மேல்தோலுக்கு அடியிலுள்ள அடித்தோலில் போய்த் தங்குகிறது. அந்நியப் பொருள் வந்தால் விழுங்குவதற்கென்றே உடம்பில் காவல் அணுக்கள் உண்டு. அவை மைத்துகளை விழுங்குகின்றன; ஆனால் துகள் பெரிதாயிருப்பதால் செரிக்க முடிவதில்லை. ஓர் அணு மடிந்தால் அது விட்ட மையை அடுத்த அணு எடுத்துக்கொள்கிறது என்று பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் எலிகளிடம் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவேதான் பச்சை ஆயுள் முழுவதும் நிற்கிறது. லேசர் ஒளி அந்தத் துகளைச் சுக்குநூறாக உடைக்கும். நொறுங்கிய பொடியை உடம்பே வாரங்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோகும். எல்லாமே வெளியேறிவிடாது. ஒரு பகுதி அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளில் போய்த் தங்கும்.

கேட்டதும் எனக்கு நொய்யல் ஆறு நினைவுக்கு வந்தது. திருப்பூர்ச் சாயநீரை ஆற்றில் விட்டுவிட்டால் போய்விட்டது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். அது போகவில்லை, ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கிற்று. 2011ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு வந்தது. அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, நல்லவேளையாக உடம்பு நம்மைவிடப் பொறுப்புள்ளது என்றார்.

தோல் வேகாமல் மை மட்டும் எப்படி உடைகிறது? 1983ஆம் ஆண்டில் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த கொள்கை இதற்கு அடிப்படை. மை உறிஞ்சிக்கொள்ளும் ஒளியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் வெப்பம் அக்கம்பக்கத்துக்குப் பரவ நேரம் கிடைக்காத அளவு குறுகிய கணத்தில் பாய்ச்ச வேண்டும். ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அவற்றில் சில பங்குகளே அந்தக் கணம். கற்பூர ஆரத்தியின் மீது நாம் கையை நிறுத்தி வைப்பதில்லை. சட்டென்று ஒற்றி எடுக்கிறோம். சுடுவதில்லை. நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நம் கருமை நிறத்துக்குக் காரணமான நிறமியும் ஒளியை உறிஞ்சும் பொருள்தான். தவறான ஒளியைப் பாய்ச்சினால் மையோடு தோலின் இயற்கை நிறமும் சேர்ந்து போய்விடும், வெண்திட்டு விழும். அல்லது புண்பட்ட தோல் மேலும் கறுக்கும். கறுப்பு பெரும்பாலும் சில மாதங்களில் தெளியும். வெண்மை நாட்கணக்கில் போகாது, சில வேளை தங்கியே விடும். ஆகையால் நம் போன்ற மாநிறத்தாருக்கு 1064 நானோமீட்டர் என்னும் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியே பத்திரமானது. அது கறுப்பு மைக்கு நன்கு வேலை செய்யும். சிவப்புக்கு வேறோர் ஒளி. மயிற்பீலியின் பச்சைக்கும் நீலத்துக்கும் இன்னொன்று. அவை கருமேனிக்குச் சற்று அபாயமானவை. வெள்ளைக் கீற்றோ எல்லாவற்றிலும் வஞ்சகமானது. அதிலுள்ள டைட்டானியம் என்னும் வேதிப்பொருள் லேசர் பட்டதும் மறைவதற்குப் பதிலாகக் கறுத்துவிடக்கூடும். அதனால் முதலில் மிளகளவு இடத்தில் மட்டும் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, சில வாரங்கள் கழித்து வரச் சொன்னார்.

"எட்டு அல்லது பத்து முறை வர வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே எட்டு வாரம். அவசரப்பட்டால் தோல் போகும். இத்தனைக்குப் பிறகும் ஒரு நிழல் நிற்கலாம். முழுவதும் போய்விடும் என்று யார் உறுதி சொன்னாலும் அவரிடம் போகாதீர்கள்" என்றார் அம்மையார். அந்தச் சொல்லுக்காகவே அவரிடம் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

முதல் முறைக்கு முந்தின இரவு, பூஜை அறையில் விளக்கேற்றி, பேரனின் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வேலுக்கு ஒரு பொட்டுச் சந்தனமும் ஒரு செவ்வரளிப் பூவும் வைத்தேன். இருவரும் நமஸ்கரித்தோம். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே கண்ணாடிக் காகிதம் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே போனதும் அவனுக்கும் எனக்கும் கண்ணுக்குத் தடித்த கறுப்புக் கண்ணாடி. இதில் விளையாட்டில்லை, அந்த ஒளி கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். 'டப் டப்' என்று பட்டாசுப் பொரிபோல் ஓசை. மயிர் கருகும் நாற்றம். வலியைப் பற்றிக் கேட்டபோது, தாளிக்கும்போது கடுகெண்ணெய் தொடர்ந்து கையில் தெறிப்பதுபோல் இருந்தது என்றான். களிம்பு பாதி வலியைத்தான் தாங்கும். ஆனால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். என் மெய் சிலிர்த்தது. ஒளி பட்ட இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று, வேல் முழுவதும் திருநீறு பூசியதுபோல் நின்றது. உள்ளே எழும் நுண்ணிய நீராவிக் குமிழிகளால் அப்படித் தோன்றுகிறது, கால் மணியில் அடங்கிவிடும் என்றார் அம்மையார். அப்படியே அடங்கியது. காரணம் தெரிந்த பின்னும் அந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவற்றை எழுதியே கொடுத்தார்கள். ஐஸ் ஒத்தடம். களிம்பு போட்டு மெல்லிய துணிக்கட்டு. ஓரிரு நாளில் நீர் கோத்த கொப்புளம் எழலாம். பயப்பட வேண்டியதில்லை, உடைக்கலாகாது. பொருக்கு கட்டினால் தானாக உதிரும்வரை, ஒரு வாரமோ இரு வாரமோ, விட்டுவிட வேண்டும். வெயில் படலாகாது. ஆற்றுக் குளியல், எண்ணெய்க் குளியல் வேண்டாம். எங்கள் போன்றோருக்கென்றே எழுதியதுபோல் மற்றொரு வரி: மஞ்சள், சந்தனம் முதலிய எதையும் புண்ணில் தடவலாகாது.

அந்த வரியை நான் வாசித்தேன். வாசித்தும் மீறினேன்.

மூன்றாம் முறை முடிந்த சமயம். கொப்புளம் ஒன்று தானே உடைந்து சிவந்திருந்தது. அவன் உறங்கிக்கொண்டிருந்தான். கட்டு நழுவியிருந்தது. பழனியாண்டவர் விபூதி கையருகே இருந்தது. நம் கைக்குப் புத்தியைவிடப் பழக்கம் அதிகம். ஒரு சிட்டிகை எடுத்து, பெருமானை நினைத்து, அந்த உடைந்த கொப்புளத்தின் மேல் தூவினேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கை வீங்கிச் சீழ் பிடித்தது. காய்ச்சல் கண்டது. கம்பெனிக்குப் பத்து நாட்கள் போக முடியவில்லை. கோவைக்குப் போனபோது அம்மையார் காரணம் கேட்டார். பேரன் தெரியாது என்றான். நான்தான் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை; பிறகு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நெற்றிக்கு வையுங்கள் அம்மா. ஆறாத தோலில் எந்தப் பொடி விழுந்தாலும் அது பொடிதான்" என்றார். அடுத்த முறை ஒன்றரை மாதம் தள்ளிப்போயிற்று. அந்த இடத்தில், வேலின் தண்டுக்கு நடுவே, பட்டாணியளவு ஒரு தழும்பு தடித்து நிற்கிறது. லேசர் விட்ட தழும்பன்று, நான் விட்டது. பேரன் இதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாயிருந்திருக்கும்.

அவ்வாண்டுத் தைப்பூசத்துக்கு அவன் மடத்துக்குளம் வழியாகப் பழனிக்கு நடந்தபோது, கை முழுவதையும் மூடும் பனியன் துணி உறை ஒன்றை மகளே தைத்துக் கொடுத்தாள். வெயிலிலிருந்து காக்கத் தடவும் களிம்பையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். சண்முக நதியில் எல்லாரும் முழுகினார்கள். அவன் கரையில் நின்று தலையில் மட்டும் தெளித்துக்கொண்டானாம்.

கூடத்தில் காத்திருக்கும் நேரங்களில் நான் கண்ட மனிதர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். முறிந்துபோன காதலின் பெயரை அழிக்க வந்த பெண் ஒருத்தி. எழுபதுகளில் கட்சிக் கொடியைக் குத்திக்கொண்ட பெரியவர் ஒருவர், வேறு ஏதோ தோல் வியாதிக்கு வந்தவர், அதை மட்டும் தொட வேண்டாம் என்று டாக்டரிடம் உறுதி வாங்கிக்கொண்டார். தோளில் சங்கு சக்கர முத்திரை தரித்த வைணவ அம்மாள் ஒருவர் என் பேரனின் கையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஆசாரியர் சுட்டு வைக்கிறார், உங்களுக்கு டாக்டர் சுட்டு எடுக்கிறார்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

என் சொந்தப் பச்சையைப் பற்றியும் கேட்டேன். என் நாத்தனாருக்குத் தம் கையிலுள்ள பச்சை பிடிக்காமல் போய், பேத்தி கல்யாணத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. அம்மையார் என் கையைத் திருப்பிப் பார்த்தார். இது கரி மை; வண்ண மைகளைவிட எளிதில் போகும், நாலைந்து முறையே போதுமாயிருக்கலாம் என்றார். எனக்குக் குத்திய குறத்தியம்மாள் என் வீட்டுத் திண்ணையிலேயே மை கூட்டியது நினைவிருக்கிறது. அகத்திக் கீரையையும் மஞ்சளையும் துணியில் திரியாகச் சுற்றி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த புதுச்சட்டியில் படிந்த கரியைச் சுரண்டி, கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கிக் குழைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1906இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் நூலில் இதே செய்முறையைக் கண்டு வியந்தேன். கரி கறுப்பாயிருக்க, தோலுக்குள் போனதும் ஏன் பச்சையாகத் தெரிகிறது என்றும் கேட்டேன். ஒளி தோலுக்குள் சிதறி மீள்வதால் வரும் மாயம் அது என்றார். எழுபது ஆண்டுகளாகப் பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தது பச்சையே அன்று!

ஆனால் வயதானவர்கள் வீம்புக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அவர் எண்ணம். வயதான தோல் மெலிந்தது, ஆற நாளாகும். சர்க்கரை நோயுள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நான் அறிந்திராத ஒன்றையும் சொன்னார். முடக்குவாதத்துக்கு முன்னாளில் தங்கச்சத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த லேசர் பட்டால் அந்த இடம் நீலச் சாம்பல் நிறமாகி நின்றுவிடும். எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும் மறக்காமல் சொல்ல வேண்டும். என் நாத்தனாருக்கு அந்த ஊசி போட்டதுண்டு. அவர் பச்சையோடேயே கல்யாணத்தில் அமர்ந்தார்.

என் தாயார் சொல்வார்: கட்டையில் போகும்போது நகையும் வராது, நட்டும் வராது, கூட வருவது இந்தப் பச்சை ஒன்றே. அந்த நம்பிக்கையில் வளர்ந்தவள் நான். என் பேரன் கையிலிருந்து ஒவ்வொரு முறையும் அது சற்றே வெளிறிப் போவதைப் பார்க்கும்போது ஒரு கண்ணில் மகிழ்ச்சி, ஒரு கண்ணில் வேறேதோ. முதல் இரண்டு முறைகளில் விறுவிறுவென்று மங்கியது. அதன் பிறகு ஆமை வேகம். ஒரு முறை முடிந்து ஆறாம் வாரத்தில்தான் வித்தியாசமே தெரியும். வீட்டில் ஒரே ஜன்னலருகே, ஒரே நேரத்தில், மாதம் ஒரு படம் எடுத்து வைக்கிறான். அடுக்கிப் பார்த்தால்தான் மனம் தேறும்.

சென்ற வாரத்தோடு ஏழு முறை ஆயிற்று. கறுப்பு வேல் போய்விட்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் வேல் வடிவில் தோல் ஒரு மாற்று வெளிறியிருக்கிறது. மந்திர எழுத்துகள் மறைந்தன. வெள்ளைக் கீற்று, பயந்தபடியே ஒரு சிறு இடத்தில் கறுத்தது; பிறகு அந்தக் கறுப்பும் இரண்டு முறையில் கரைந்தது. பீலியின் பச்சைக் கண் மட்டும் இன்னும் போகவில்லை. விடாப்பிடியாக நிற்கிறது. அதற்கு வேறு ஒளியை மிகக் குறைந்த அளவில் பாய்ச்சிப் பார்க்கலாம் என்கிறார் அம்மையார். இந்தக் கார்த்திகையில் பேரனுக்கு 24 முடிகிறது. எழுத்துத் தேர்வுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறான். விடியற்காலையில் அமராவதிப் பாலம் வரை ஓடிவிட்டு வருகிறான். அந்தப் பச்சைக் கண்ணையும், நான் விட்ட தழும்பையும், வெளிறிய நிழலையும் பரிசோதனையில் எப்படி மதிப்பார்களோ, தெரியாது.

நேற்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் விதிமுறைத் தாளை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். திடீரென்று என் இடக்கையைப் பிடித்துத் திருப்பினான். பழைய பழக்கம்போல் விரலால் அந்தச் சிறு வேலை வரைந்தான். பிறகு ஸ்கேலை எடுத்து அதை அளந்தான், முன்கையையும் அளந்தான். மனக்கணக்குப் போட்டான்.

"இடது கை. உள்பக்கம். கால்வாசிகூட இல்லை. சாமி படம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு சல்யூட் வைத்தான். "அம்மிச்சி, நீங்க செலக்ட் ஆயிட்டீங்க."

"5 கிலோமீட்டரை யார் ஓடுவது?" என்றேன்.

உள்ளேயிருந்து மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் சிரித்துக் கேட்டு வெகுநாளாயிற்று.